டேலியா புட்டாவுக்கு என் பெயர்

டேலியா பூவுக்குப் பெயர் கொடுத்த மனிதர் கொடுத்துவைத்தவர். அவர் பெயரை அந்தப் பூவுக்கு வைத்தபோது அவர் உயிரோடு இல்லை. சந்தையில் தன் பெயரைக் கூவி விற்பதை அவர் காதால் கேட்கவில்லை. "இது வாடிப்போச்சே, வேற குடு" என்று தன் பெயரைத் தூக்கிப்போடுவதையும் கண்ணால் பார்க்கவில்லை.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அறுபதுகளின் கடைசியில், பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுச்சேலையில் நெய்யும் ஒரு பூப் புட்டாவுக்கு என் பெயரை வைத்தார்கள். நான் அப்போது உயிரோடுதான் இருந்தேன். அந்தப் பட்டுக்கடைத் தெரு வழியாகத்தான் காமாட்சி கோயிலுக்குப் போய்வந்துகொண்டும் இருந்தேன். வைத்தவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்.

என் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஊர் வாயில் அது உருண்டது போதும். அது வரவேண்டிய இடத்தில் 'இன்னாள்' என்று போட்டுக்கொள்கிறேன். படிப்பவர்கள் தங்களுக்குப் பிடித்த பெயரையோ பிடிக்காத பெயரையோ வைத்துப் படித்துக்கொள்ளட்டும்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் குடியிருந்தார். பெண்கள் பள்ளியில் செடிகொடிப் பாடம் எடுப்பவர், குன்னூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். என்னைவிட இரண்டொரு வயதுதான் பெரியவர் என்றாலும் எனக்கு அவர் டீச்சர்தான், அவருக்கு நான் "வாம்மா, போம்மா". ஒரு லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது மண்ணோடு கொஞ்சம் கிழங்கு கொண்டுவந்தார். என் மாமியார் அதை விரலால் நிமிண்டிப் பார்த்து, "கொழம்புக்கு ஆவுமா டீச்சர்?" என்று கேட்டார்.

"பூக்கெழங்கும்மா இது. டேலியா. அது பொறந்த நாட்டுல சாப்பிடவும் சாப்பிடுவாங்களாம்" என்றார் டீச்சர்.

"அப்ப ஆவும்" என்றார் மாமியார். நல்லவேளை, டீச்சர் அன்றைக்கே தொட்டியில் நட்டுவிட்டார்.

காஞ்சிபுரத்து வெயிலுக்கு அதெல்லாம் வராது என்று தெருவே சொன்னது. ஆனால் மழை விட்டுப் பனி இறங்கியதும் செடி மளமளவென்று கிளம்பியது. மார்கழி முடிவதற்குள் ஒரு பூ விரிந்தது. அரக்கு நிறம். சோற்றுக் கிண்ணத்தை மூடிவிடும் அளவு. வரிசைக்குள் வரிசையாக, நடுவே போகப்போகச் சின்னதாகிக்கொண்டே போகும் இதழ்கள். எந்த இதழும் இன்னொன்றை மறைக்கவில்லை. இப்படி ஒரு ஒழுங்கைப் பூவில் நான் அதுவரை பார்த்ததில்லை.

முதல் பூவை டீச்சர் எனக்குத்தான் கொடுத்தார். மாமியார் வாங்கி முகர்ந்தார். "வாசனையே இல்லியே. சாமிக்கும் ஆவாது, தலைக்கும் ஆவாது. இதை இன்னா பண்றது?" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் ஒரு சொம்பில் தண்ணீர் ஊற்றி, தறி ஓடும் அறையின் ஜன்னலில் வைத்தேன்.

அங்கே என் வீட்டுக்காரர் நெய்துகொண்டிருந்தார். குழித்தறி. கால் பள்ளத்தில், கை ஊடுநூல் ஓட்டும் நாடாவில், கண் நூலில் என்று காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். பேச்சு குறைவு. அவர் பேசவில்லை என்று எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, எங்கள் வீட்டில் பேசுவதற்கு மாமியார் இருந்தார். ஆனால் அந்தப் பூ வந்த நாளிலிருந்து தறிச் சத்தம் அடிக்கடி நின்றது. எட்டிப் பார்த்தால் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பூ எத்தனை நாள் தாங்கும்? ஓரம் சுருங்கி, கறுத்து, ஒரு காலையில் தலை சாய்ந்துவிட்டது. அவர் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "எப்டி இருந்துதுன்னு மறந்துடும்போல இருக்குது" என்றார். தொலைத்த பொருளைப் பற்றிக் குழந்தை சொல்வதுபோல இருந்தது. நான் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துவந்தேன்.

எனக்குக் கோலம் வரும். வேறு எது வருகிறதோ இல்லையோ, கோலம் வரும். தறிக்குப் பக்கத்தில் தரையைத் துடைத்துவிட்டு அந்தப் பூவைப் போட்டேன். வட்டத்துக்குள் வட்டமாக, இதழ் இதழாக, பூவில் இருந்த அதே ஒழுங்கில். புள்ளி வைத்துப் போட்டதால் எல்லாம் கட்டத்துக்கு அடங்கி நின்றது. அவர் பள்ளத்திலிருந்து எழுந்துவந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அழிக்காதே" என்றார். அந்த அறைக்குள் மாமியார் துடைப்பம் கொண்டுவராமல் அவரே காவல் காத்தார். பிறகு கட்டம் போட்ட தாளில் அதை வரைந்து எடுத்துக்கொண்டு போய், தறி மேலே மாட்டும் அட்டைகளில் துளை போடுபவரிடம் கொடுத்துச் செய்து வாங்கிவந்தார்.

அட்டை மாட்டிக்கொண்டிருந்த நாளில்தான் டீச்சர் கோலத்தைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டு அசந்துபோய், அந்தப் பூவின் பெயர்க் கதையைச் சொன்னார். பூ மெக்ஸிகோவில் பிறந்ததாம். அந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஸ்பெயின்காரர்கள் கிழங்கைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ராஜா தோட்டத்தில் பூத்ததும், ஸ்வீடன் தேசத்தில் செடிகொடி படித்த ஒரு பெரியவரின் ஞாபகமாக, அவர் குடும்பப் பெயரோடு ஒரு வாலை ஒட்டி 'டேலியா' என்று வைத்தார்களாம். அவர் இறந்து அப்போது இரண்டொரு வருஷம்தான். அந்தப் பூ பூத்து அவர் பார்த்திருக்கவே மாட்டார் என்றார் டீச்சர். ஜெர்மனிக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ளாமல் ரொம்ப நாள் வேறொரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம், அதுவும் ஒரு படித்தவருடைய பெயர்தான்.

பள்ளத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "செத்தவருக்குப் பேரு வெச்சி இன்னா பிரயோசனம் டீச்சர்? இருக்கும்போது வெக்கணும்."

டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். மனிதர் அதிசயமாக வாயைத் திறந்திருக்கிறாரே என்ற சந்தோஷம் எனக்கு. அதற்குள் என்ன முளைத்துக்கொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஊர்க் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் இல்லாத புட்டா அலமாரிக்குப் போகாது. மாங்காய், மயில்கண், ருத்திராட்சம் என்று ஏதாவது ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் மேலே ஏணியில் நிற்கும் ஆளிடம் கீழே இருக்கிற ஆள் எதைச் சொல்லி இறக்கச் சொல்வான்? முதல் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கடை முதலாளி, "இது இன்னா பூவுப்பா?" என்று கேட்டிருக்கிறார். இவர் டேலியா என்றிருக்கிறார். "வாயில நுழையலியே, வேற சொல்லு" என்றிருக்கிறார் முதலாளி. இவர் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். சேலை உடனே விலைபோக, முதலாளி அதே புட்டாவை இன்னும் பல தறிகளில் போடச் சொல்லியிருக்கிறார்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. ஆடி வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பட்டுக்கடை வாசலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பி நின்றேன்.

"இன்னாள் நாலு எறக்குடா. அரக்குல ரெண்டு, மயில் பச்சையில ரெண்டு."

மேலேயிருந்து ஒருவன், "பச்சையில இன்னாள் இல்லண்ணே, நேத்தே போயிட்டா" என்றான். உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் சேலையை மடியில் போட்டுக்கொண்டு, "இன்னாளுக்கு ஒடம்பு கனமா இருக்குது, முந்திதான் கொஞ்சம் சுமார்" என்றாள். சேலையின் நடுப்பாகத்தை உடம்பு என்றுதான் எல்லோரும் சொல்வோம். நானே தினம் சொல்வதுதான். அன்றைக்கு அதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். விரித்துக் காட்டு, வெளிச்சத்தில் காட்டு, திருப்பிக் காட்டு என்று ஒவ்வொன்றாக அந்தப் பெயருக்கு நடந்தது. கோயிலுக்குப் போகவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவரைக் கேட்டேன். மறைக்கவில்லை, சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "நீ போட்ட பூவு. உன் பேரு இருக்கட்டுமேன்னுதான்" என்றார்.

"யாரைக் கேட்டு வெச்சீங்க? கண்டவன் வாயில எல்லாம் வருது என் பேரு."

"நல்ல பேருதானே" என்றார்.

விஷயம் தெரு முழுக்கப் பரவ ஒரு வாரம் ஆகவில்லை. குழாயடியில் குடத்தை வைத்தால் பேச்சு ஆரம்பித்துவிடும். "நேத்து உன்னை வாலாஜாபாத்துக்காரங்க ரெண்டு பேரு எடுத்துக்கினு போனாங்களாமே?" என்பாள் ஒருத்தி. "சாயம் போவாதுன்னு எழுதிக் குடுத்தாங்களா?" என்பாள் இன்னொருத்தி. கேலியில் விஷமில்லை, எனக்கே தெரியும். வேறொருத்தி பெயராக இருந்தால் நானும்தான் இதைவிட நாலு பேசியிருப்பேன். ஆனாலும் வெட்கம் பிடுங்கித் தின்றது. குழாயில் கூட்டம் கலைந்த பிறகு போய்த் தண்ணீர் பிடித்தேன். கோயிலுக்குச் சுற்றுவழியில் போனேன். கொஞ்ச நாளில் அதையும் நிறுத்திவிட்டேன்.

டீச்சரிடம் சொல்லி அழுதேன். அவர் கண்ணை அகல விரித்து, "எவ்ளோ பெரிய மரியாதைம்மா இது. ஒரு பொண்ணு பேரை யாரு வெக்கிறா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க பேரை வெச்சா ஒத்துப்பீங்களா டீச்சர்?" என்று கேட்டேன். "மாட்டேன்மா" என்றார். நல்ல மனுஷி, பொய் சொல்லத் தெரியாது.

மாமியாருக்கு மகன்மேல் கோபம், ஆனால் விழுந்தது என்மேல்தான். எங்கள் வீடுகளில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எங்கள் வீட்டில் பெண்டாட்டி பெயரைப் புருஷனும் சொல்வதில்லை. தாயின் காதுபடப் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் பெண்டாட்டிதாசன் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு 'இந்தா'. சோறு போடவும் 'இந்தா', நூல் எடுத்துத் தரவும் 'இந்தா'. அப்பேர்ப்பட்டவர் கடையில் போய் என் பெயரைச் சொல்லியிருக்கிறார் என்றால், நான்தான் தலையணை மந்திரம் ஓதியிருக்க வேண்டும் என்பது மாமியார் கணக்கு. "வூட்ல சொல்லக்கூடாத பேரை ஊருக்கே சொல்ல வெச்சிட்டியே" என்றார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். தென்னேரிக் கல்யாணம்தான் என்னால் தாங்க முடியாமல் போனது.

தென்னேரி என் அம்மா வீடு. பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தச் சேலையை மாப்பிள்ளை வீட்டார் காஞ்சிபுரத்தில் எடுத்திருந்தார்கள். மணப்பெண் மணையில் வந்து உட்கார்ந்ததும் பார்த்தேன். அரக்குச் சேலை, உடம்பு முழுக்க டேலியா. தாலி கட்டி முடிந்து பந்தி போட்டார்கள். என் அப்பா, பக்கத்தில் என் வீட்டுக்காரர், ஊர்ப் பெரியவர்கள் என்று ஒரே வரிசை. நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். மணப்பெண்ணை அந்தப் பக்கமாக அழைத்துப் போகும்போது யாரோ சேலையைத் தொட்டுப் பார்த்து விசாரித்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, என்னை யாரென்று தெரியாதவர், பெருமையாக உரக்கச் சொன்னார்.

"இதாம்மா இன்னாள். காஞ்சிபுரத்துல இப்ப இன்னாள்தான் ஓடுதாம். கடைக்காரனே சொன்னான்."

வரிசையில் ஒரு கிழவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "யாரோட ஓடுதாம்?" என்றார். பந்தியே சிரித்தது.

அப்பாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. என் கையில் சாம்பார் வாளி. யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. குனிந்து பார்த்தபோது என் வீட்டுக்காரர் முகம் தெரிந்தது. அவர் மட்டும் மணப்பெண் போன திசையைப் பார்த்து மலர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்பை, அந்தக் கிழவரை, எதையுமே அவர் கவனிக்கவில்லை. அப்பா பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்தார். அப்பா அப்படி எழுந்து நான் பார்த்ததே இல்லை. கை கழுவப் போனவரின் பின்னாலேயே போனேன்.

"உன்னை நான் கட்டிக் குடுத்தேம்மா. கடையில வெக்கச் சொல்லல" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் செத்துப்போய்விடலாமா என்று நினைத்தேன். அப்படித்தான் இருந்தது, மிகையில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் பேசவில்லை. பேசிப் புரியவைக்க முடியும் என்ற நம்பிக்கை போய்விட்டது. மறுநாள் மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, நானே போனேன். முதலாளி மெத்தைமேல் சாய்ந்திருந்தார். சேலை எடுக்க வந்த ஆள் என்று நினைத்து உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே, டேலியாச் சேலையை முதலில் கொண்டுவந்தவர் பெண்டாட்டி நான், அந்தப் புட்டாவுக்கு வைத்திருப்பது என் பெயர், அதை எடுத்துவிட வேண்டும் என்றேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது, குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் பதறி எழுந்து உட்கார்ந்தார். "உன் பேராம்மா அது? அம்மன் பேருன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். தலையில் அடித்துக்கொண்டார். "பொம்பளப் புள்ளயாச்சே நீ. அந்த ஆளு ஒரு வார்த்தை சொல்லலியே. பேருதானே, மாத்திட்டாப் போச்சு." அங்கேயே ஆளைக் கூப்பிட்டு, இன்று முதல் அது நட்சத்திரப் புட்டா, பழைய பெயரை யார் சொன்னாலும் தோலை உரித்துவிடுவேன் என்றார். எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். இத்தனை மாதம் நான் பட்டது இவ்வளவு சுலபத்தில் தீருமா என்று நம்ப முடியவில்லை. கோயிலுக்குப் போய் அம்மனைப் பார்த்துவிட்டு, நேர்வழியிலேயே, தலை நிமிர்ந்து வீட்டுக்கு நடந்தேன்.

மாமியாரிடம் சொன்னேன். "இப்பத்தான் வவுறு குளுந்துது" என்றார். அண்டை வீடுகளுக்குச் சொல்ல உடனே புறப்பட்டுவிட்டார்.

தறி அறைக்குப் போனேன். நெய்துகொண்டிருந்தார். "முதலாளியைப் பாத்துட்டு வந்தேன். பேரை மாத்தச் சொல்லிட்டேன்" என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். நாடா நின்றது.

"ஒத்துக்கினாரா?"

"ஒத்துக்கினாரு."

"இன்னா வெச்சாரு?"

"நட்சத்திரம்னு."

தலையை ஆட்டினார். அறுந்த இழை ஒன்றை எடுத்து முடிந்தார். அது அறுந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். என்னைப் பார்க்காமல், "அங்க போனாத்தான் அந்தப் பேரைச் சொல்லுவேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எங்க?"

"கடையில. வேல இல்லன்னாலும் போவேன். இன்னாள் எத்தினி போச்சு, இன்னாளை யாரு எடுத்தாங்கன்னு சும்மா கேட்டுக்கினு இருப்பேன். வூட்ல எங்க சொல்றது?"

ஏணிமேல் நின்றவன் சொன்னது, சேலையை மடியில் போட்ட அம்மாள் சொன்னது, மாப்பிள்ளையின் அத்தை சொன்னது என்று அந்தப் பெயரைச் சொன்ன ஒவ்வொரு வாயையும் நான் மனசுக்குள் திட்டித் தீர்த்திருந்தேன். அந்த வாய்களில் ஒன்று அவருடையது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. குழாயடியிலும் பந்தியிலும் பட்டது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. இது வேறு வெட்கம், இதை யார் தலையிலும் போட முடியவில்லை.

மாமியார் இன்னும் திரும்பியிருக்கவில்லை. வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"இப்பச் சொல்லுங்க. யாரும் இல்ல" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். உதடு பிரிந்தது. முதல் எழுத்துக்கு வாய் குவிந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. காது மடல் சிவந்துபோனது. ஊரெல்லாம் சொன்ன பெயர், அவர் தொண்டையைத் தாண்டி வரவில்லை.

"இந்தா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

எழுந்துபோய் மொண்டுவந்து கொடுத்தேன்.